நரிக்கு எந்த மண் ஒத்துக்கொள்ளும்?

2011 பிப்ரவரியில், லண்டனில் கட்டிக்கொண்டிருந்த 'ஷார்ட்' என்ற வானளாவிய கட்டடத்தின் 72ஆவது மாடியில் ஒரு நரி குடியிருந்தது தெரியவந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 288 மீட்டர் உயரம். படிக்கட்டு வழியாக ஏறிப்போய், கட்டட வேலை செய்பவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத் தின்றே பொழுதை ஓட்டியிருக்கிறது. பிடித்து, உடம்பைப் பரிசோதித்து, பழையபடி தெருவிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

செய்தியைப் படித்தவர்களுக்கு அது வேடிக்கை. நரியின் பக்கம் நின்று யோசித்தால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. தின்ன ஏதோ கிடைத்தது. ஒதுங்க மறைவான இடம் இருந்தது. தன்னைவிடப் பெரிய நாய் எதுவும் 72 மாடி ஏறி வந்து துரத்தப்போவதில்லை. நரிகள் உலகத்தில் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த மூன்று கணக்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வெயில், குளிர், பனி, மணல் எல்லாம் அப்புறம்தான். நரி எதற்கு எப்படித் தகவமைந்தது என்று எழுதும்போது பெரும்பாலும் உரோமத்தையும் காதையும் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் 'நரி' என்ற ஒரே சொல்லை இரண்டு விலங்குகளுக்கு வைத்துப் புழங்குகிறோம். இருட்டியதும் கூட்டமாக ஊளையிடும் நரி, ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் நெருங்கிய சொந்தம். இங்கே பேசப்போவது அது இல்லை. அதைவிடச் சிறியதாக, கூர்மூஞ்சியும் புசுபுசுவென்ற வாலுமாக, பெரும்பாலும் தனியாகவே இரை தேடும் நரி இது. விலங்கியலில் இதற்கு வல்பெஸ் என்ற தனிப் பேரினம் உண்டு. அதில் சுமார் 12 இனங்கள். பெயரளவில் நரி என்று வழங்கும் வேறு சில விலங்குகளும் நடுவில் வந்துபோகும், வரும்போது சொல்கிறேன்.

துருவ நரியையும் சகாராவின் ஃபென்னெக் நரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே பொம்மையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிசைந்ததுபோல இருக்கும். துருவ நரியின் காது குட்டையாக, வட்டமாக, உரோமத்துக்குள் பாதி புதைந்து கிடக்கும். மூஞ்சியும் குட்டை, காலும் குட்டை. கோடையில் பழுப்பு நிறத்தில் மெலிந்திருக்கும் உரோமம் குளிர்காலத்தில் வெளுத்து, இரண்டு மடங்குக்கும் மேல் தடிக்கிறது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் உடம்பைச் சூடாக வைக்க அது தனியாகச் சக்தி செலவழிக்க வேண்டியதில்லை. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை வழியிலேயே ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிடுவதால், பனியை மிதிக்கும் பாதம் உறைநிலையை ஒட்டியே நிற்கும், ஆனால் உறைந்துபோகாது.

ஃபென்னெக் நரி ஒன்று, ஒன்றரை கிலோதான் இருக்கும். நாய்க் குடும்பத்திலேயே சிறியது. அந்த உடம்புக்கு 15 சென்டிமீட்டர் வரை நீளும் காது. மெல்லிய தோலும் நிறைய ரத்தக்குழாய்களும் கொண்ட அந்தக் காது உடம்புச் சூட்டை வெளியே தள்ளுகிறது, மணலுக்கு அடியில் நெளியும் பூச்சியின் சத்தத்தையும் பிடிக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 25 தடவை மூச்சு விடும் இந்த நரிக்குக் கடும் வெப்பத்தில் இளைப்பு 700க்கு நெருக்கமாகப் போகும். அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வாழ்க்கை: பகலெல்லாம் மணலுக்குள் வளையில் சுருண்டு கிடப்பது, இருட்டியபின் கிளம்புவது. குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் இரையிலும் பழத்திலும் கிழங்கிலும் இருக்கும் ஈரத்தை வைத்தே சமாளித்துக்கொள்ளும். சிறுநீரில் அநாவசியமாக ஒரு சொட்டு நீரும் போகாதபடி அதன் சிறுநீரகம் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. நமக்கு இதமாக இருக்கும் 20 டிகிரிக்குக் கீழே போனாலே இந்த நரி நடுங்க ஆரம்பித்துவிடும்.

குளிர்ப் பகுதி விலங்குகளுக்குக் காது, கால், வால் எல்லாம் குட்டையாகவும் வெப்பப் பகுதி விலங்குகளுக்கு நீளமாகவும் இருக்கும் என்று 1877ல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோயல் ஆசஃப் ஆலன் ஒரு விதியைச் சொன்னார். பாடப்புத்தகங்களில் அந்த விதிக்குப் படம் போட வேண்டுமென்றால் இந்த இரண்டு நரிகளைத்தான் போடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தப் படத்தில் தெரியாத ஒன்று. இரண்டின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் அடர்ந்த மயிர் இருக்கும். துருவ நரியின் அறிவியல் பெயரில் வரும் 'லாகோபஸ்' என்ற சொல்லுக்கே முயல்கால் என்றுதான் அர்த்தம். ஒன்றுக்கு அந்த மயிர் பனியிலிருந்து காப்பு, மற்றதற்குச் சுடுமணலிலிருந்து காப்பு. காலில் மாட்டியது ஒரே செருப்பு.

மணலும் பனியும் இல்லாத இடத்தில் அந்தச் செருப்பும் இல்லை. ஈரான், ஓமன், இஸ்ரேல் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் வாழும் பிளான்ஃபோர்ட் நரிக்கு உள்ளங்கால் வெறும் தோல். பாறையைப் பற்ற மயிர் இடைஞ்சல்தானே. பூனையைப் போல வளைந்த நகம், உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமான வால். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு மூன்று மீட்டர் தாவும்போது அந்த வால்தான் தராசு முள் மாதிரி உடம்பை நேராக வைக்கிறது.

அதற்காக விதியை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வவ்வால் காது நரி என்று ஒன்று இருக்கிறது. வல்பெஸ் பேரினத்தைச் சேர்ந்ததில்லை, பெயரில்தான் நரி. அந்தப் பெரிய காது சூட்டை வெளியேற்றவும் உதவும். ஆனால் முக்கிய வேலை, புல்லுக்கு அடியில் கறையான் நகரும் சத்தத்தைக் கேட்பது. தலையைத் தரைக்குச் சாய்த்தபடியே மெல்ல நடக்கும், சட்டென்று நிற்கும், நக்கித் தின்னும். நாய்க் குடும்பத்தில் வழக்கமாக 42 பல். இதற்கு 46 முதல் 50 வரை. கறையானை அரைக்கவே வந்தது போன்ற வாய். ஆக, இங்கே காதையும் பல்லையும் தீர்மானித்தது வானிலையைவிடத் தீனிதான்.

திபெத்தியப் பீடபூமியிலும் இதே கதைதான். அங்கே நாலாயிரம் மீட்டருக்கும் மேலே, மரமே இல்லாத மேட்டில், சதுர முகமும் சிறு கண்ணுமாக ஒரு நரி உண்டு. படத்தைப் பார்த்தால் எதற்கோ சலித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். அதன் பிழைப்பே பைகா என்ற, காது சிறுத்த முயல் சாதிப் பிராணியை நம்பித்தான். பைகா எங்கே நிறையவோ அங்கே அந்த நரியும் நிறைய. பழுப்புக் கரடி பைகா வளையைத் தோண்டினால், நரி பின்னாலேயே போய் நிற்கும். கரடிக்குத் தப்பி வெளியே ஓடிவரும் பைகா நரிக்கு. உழைப்பு கரடியுடையது.

நரி என்றதும் காடுதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெரும்பாலான நரிகளுக்கு அடர்காடு ஆகாது. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே வாழும் இந்திய நரி குட்டைப் புல்வெளி, முள் புதர், மேய்ச்சல் நிலம், தரிசு என்று திறந்த வெளியாகப் பார்த்துத்தான் வளை தோண்டும். மத்திய ஆசியாவின் கோர்சாக் நரியும் அப்படித்தான், பரந்த புல்வெளி அதன் உலகம். மார்மட் போன்ற கொறிப்பான்கள் விட்டுப்போன வளையிலேயே குடியேறிவிடும். ஆனால் கால் குட்டை, அதனால் ஆழமான பனியில் ஓடவே முடியாது. கனமான பனி விழும் வருஷங்களில் மேய்ச்சல் மந்தைகள் மிதித்துப் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும், இல்லாவிட்டால் தெற்கே இறங்கிவிடும். மரத்துக்கும் நரிக்கும் நிஜமான உறவு வேண்டுமென்றால் அமெரிக்காவின் சாம்பல் நரியைத்தான் காட்ட வேண்டும். அதுவும் வல்பெஸ் இல்லை. முன்னங்காலை உள்பக்கம் திருப்பி அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, கொக்கி நகத்தால் பற்றி ஏறிவிடும்.

இவை எல்லாம் ஏதோ ஒன்றில் விசேஷப் பயிற்சி பெற்றவை. செந்நரியிடம் அப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. காது நடுத்தரம், கால் நடுத்தரம், உரோமம் பரவாயில்லை. ஆனால் உலகத்தில் மிக அதிகப் பரப்பில் வாழும் காட்டு ஊனுண்ணி அதுதான். துருவ வட்டத்திலிருந்து வட ஆப்பிரிக்கா வரை, ஏறத்தாழ ஏழு கோடி சதுர கிலோமீட்டர். எலி, முயல், மண்புழு, வண்டு, முட்டை, செத்த ஆடு, விழுந்த பழம், குப்பைத்தொட்டி என்று எதையும் ஒதுக்காத வாய் அதற்கு. மிச்சத்தை அங்கங்கே குழி தோண்டிப் புதைத்து வைத்து, பிறகு தேடி வந்து எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

அதன் எலி வேட்டையை மெதுவாக ஓடவிட்ட காணொளியில் ஒருமுறை பார்க்க வேண்டும். முழங்கால் ஆழப் பனி. எலி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நரி நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது, அப்புறம் மறுபக்கம். இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்புகின்றன. ஒரு அடி எடுத்து வைத்து, திரும்பவும் நிற்கிறது. பிறகு பின்னங்காலில் உந்தி மேலே எழும்பி, வில்லாக வளைந்து, மூஞ்சி கீழே பார்க்கத் தலைகுப்புறப் பனிக்குள் இறங்குகிறது. சில நொடிக்கு வெளியே வாலும் பின்னங்காலும் மட்டும்தான். வெளியே வரும்போது வாயில் எலி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் மூக்கு நிறையப் பனி.

செக் நாட்டில் ஆய்வாளர்கள் இந்தத் தாவல்களை நூற்றுக்கணக்கில் குறித்து வைத்து 2011ல் வெளியிட்டார்கள். உயரமான புல்லுக்குள்ளோ பனிக்குள்ளோ இரை மறைந்திருக்கும்போது நரிகள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கியே தாவின. அந்தத் திசையில் தாவியபோது நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெற்றி. அதற்கு நேரெதிர்த் திசையிலும் பரவாயில்லை. மற்றத் திசைகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பூமியின் காந்தப் புலத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, நானும் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் அது விளக்கம்தான், நரியின் தலைக்குள் இருக்கும் கருவியை யாரும் திறந்து காட்டிவிடவில்லை. மூஞ்சி விஷயம் அதைவிட உறுதியானது. நரி மண்டையோட்டின் வடிவத்தைச் செய்து பனியில் விழவைத்துச் சோதித்ததில், அந்தக் கூர்மூஞ்சி தாக்கத்தைக் குறைத்து ஆழமாக இறங்க உதவுகிறது என்று 2024ல் தெரியவந்தது. பூனைச் சாதியின் தட்டை மூஞ்சிக்கு அந்த வசதி இல்லை.

ஒரு செந்நரிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தீனி மண்டிக் கிடக்கும் நகரத்தில் 40 ஹெக்டேர் போதும். பாலையிலும் துருவத்தை ஒட்டிய நிலத்திலும் 30, 40 சதுர கிலோமீட்டர் சுற்றினால்தான் வயிறு நிறையும். நூறு மடங்கு வித்தியாசம், ஒரே இனத்துக்குள். வயிறு எவ்வளவு தூரம் நடக்கச் சொல்கிறதோ அதுதான் எல்லை.

நகரத்துக்கு நரி போனதை 'காட்டை இழந்து ஊருக்குள் வந்துவிட்டது' என்று சோகமாகச் சொல்வது வழக்கம். பிரிட்டனில் நடந்தது அப்படி இல்லை. இரண்டு உலகப் போருக்கும் நடுவே நகர ஓரங்களில் தோட்டம் வைத்த வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. புதர், கொட்டகை, புல்தரை, மண்புழு, உரக்குழி, எல்லாம் ஒரே இடத்தில். நரிக்காகவே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. வந்தது, தங்கிவிட்டது. லண்டன் நகர நரிகளின் மண்டையோட்டையும் அடுத்த கிராமப்புற நரிகளின் மண்டையோட்டையும் ஒப்பிட்டு 2020ல் வந்த ஆய்வில், நகர நரிக்கு மூஞ்சி கொஞ்சம் குட்டையாகவும் அகலமாகவும் ஆகியிருப்பது தெரிந்தது. ஓடும் எலியைச் சட்டென்று கவ்வ நீண்ட மூஞ்சி வசதி. ஓடாத எலும்பையும் மிச்சத்தையும் கடித்து இழுக்கக் குட்டை மூஞ்சிக்குப் பலம் அதிகம்.

நெருக்கமாக வாழ்வதற்கு விலையும் உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் நரிகள் நெருக்கியடித்து வாழ்ந்த காலத்தில், 1994ல் சொறிநோய் உள்ளே நுழைந்தது. இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு 95க்கும் மேல் காலி. காட்டில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நரியிடம் நடந்து போகச் சிரமப்படும் நோய், அங்கே வளைக்கு வளை தாவியது.

வளையைப் பற்றி ஒரு வார்த்தை. நரி வளை என்பது குளிரிலிருந்து தப்பும் குழி மட்டும் இல்லை, தலைமுறைச் சொத்து. துருவ நிலத்தில் ஆழத் தோண்ட விடாமல் மண் உறைந்து கிடக்கும். தோண்டத் தோதான மேடு அரிது. அதனால் கிடைத்த மேட்டில் நரிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. சிலவற்றில் நூறு வாசல்கூட உண்டு. அத்தனை காலம் விழுந்த எச்சமும் எலும்பும் உரமாகி, கோடையில் சுற்றிலும் பழுப்பாகக் கிடக்கும் நிலத்தின் நடுவே அந்த மேடு மட்டும் பச்சைப்பசேல் என்று தெரியும். கனடாவில் ஆய்வாளர்கள் அதைத் தோட்டம் என்றே அழைக்கிறார்கள். தோட்டக்காரருக்கு அது தெரியாது.

இப்போது மூன்றாவது கணக்குக்கு வருவோம். நாய்க் குடும்பத்துக்குள் ஒரு கொடூரமான வழக்கம்: பெரியது சிறியதைச் சகித்துக்கொள்ளாது. தின்பதற்காகக்கூட இல்லை, பார்த்தால் கொன்று போட்டுவிட்டுப் போகும். வட அமெரிக்காவில் ஓநாய், தன்னைவிடச் சிறிய காட்டு நாய்ச் சாதியான கயோட்டியை அடக்கி வைக்கும், கயோட்டி நரியை அடக்கி வைக்கும். ஓநாயைச் சுட்டுத் தீர்த்த இடங்களில் கயோட்டி பெருகி, செந்நரி குறைந்தது. ஓநாய் இருக்கும் இடங்களில் கயோட்டி குறைந்து, நரி மூச்சு விட்டது. கனடா, அலாஸ்காவின் உரோம வியாபாரக் கணக்குகளை வைத்து 2015ல் இதைக் கண்டம் அளவுக்கே விரித்துக் காட்டியிருக்கிறார்கள். எதிரிக்கு எதிரி நண்பன் என்பது அங்கே நிலப்படமாகவே தெரிகிறது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஸ்விஃப்ட் நரி வருஷம் முழுக்க வளையைவிட்டு அதிக தூரம் போகாததற்குக் காரணம் குளிர் இல்லை, கயோட்டி.

பெரிய நாயே இல்லாத ஊரில் நரி எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவை ஒட்டிய சேனல் தீவுகள் சாட்சி. அங்குள்ள எட்டுத் தீவுகளில் ஆறில் தீவு நரி வாழ்கிறது. சாம்பல் நரியின் சிறுத்த வாரிசு, வீட்டுப் பூனை அளவுதான். பயப்பட எதுவும் இல்லாததால் பட்டப்பகலில் உலாவப் பழகிவிட்டது. 1990களில் அந்தப் பழக்கமே அதற்கு வினையானது. தங்கக் கழுகை அண்டவிடாமல் வைத்திருந்த, மீன் தின்னும் வெண்தலைக் கழுகு டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் அங்கிருந்து மறைந்திருந்தது. மனிதர் கொண்டுவந்து விட்ட பன்றிகள் காட்டில் பெருகியிருந்தன. பன்றிக்குட்டியைத் தேடித் தங்கக் கழுகு வந்து கூடு கட்டியது. வந்த இடத்தில் பகலில் திரியும் நரிகளைக் கண்டது. சான் மிகுவெல் தீவில் நூற்றுக்கணக்கில் இருந்த நரிகள் சில வருஷத்துக்குள் 15 ஆகிவிட்டன. தங்கக் கழுகைப் பிடித்து வெளியேற்றி, பன்றியை ஒழித்து, வெண்தலைக் கழுகைத் திரும்பக் கொண்டுவந்து, கூண்டில் குட்டி போட வைத்து விட்டபிறகு, 2016ல் மூன்று தீவுகளின் நரிகள் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் தீவின் தட்பவெப்பம் மாறவில்லை. ஒரு பறவை வந்தது, போனது, அவ்வளவுதான்.

இதே காரியத்தை நரி மற்றவர்களுக்கும் செய்யும். 'நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு எட்டு ஆடு கேட்கும்' என்பார்கள். வேட்டை விளையாட்டுக்கு என்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் செந்நரியை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அது ஆடோடு நிறுத்தவில்லை. நரியைப் பார்த்தே இராத, பையில் குட்டி வளர்க்கும் சிறு பைம்மா இனங்கள் பல அதன் வாயில் தேய்ந்து போயின.

சரி, துருவ நரிக்கே திரும்புவோம். அவ்வளவு குளிர்க் கவசத்தோடு இருப்பதால் அதற்குக் குளிர்தான் பிடிக்கும் என்று நினைக்கிறோம். ஐஸ்லாந்தைப் பாருங்கள். கடற்கரைக் குளிர்காலம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும், துருவக் கணக்கில் அது குளிரே இல்லை. அங்கே துருவ நரி கடற்பறவையையும் கரையொதுங்கியதையும் தின்று சௌகரியமாக வாழ்கிறது. நிறைய நரிகள் குளிர்காலத்தில்கூட வெளுப்பதில்லை, கரும்பாறைக் கரைக்கு ஏற்ற கருநீலச் சாம்பல் நிறத்திலேயே இருந்துவிடுகின்றன. ஏன் முடிகிறது? ஐஸ்லாந்தில் செந்நரி இல்லை. அந்தத் தீவின் பூர்வீக நிலப் பாலூட்டி துருவ நரி ஒன்றுதான்.

செந்நரி இருக்கும் நிலப்பரப்பில் கதை வேறு. செந்நரி எவ்வளவு வடக்கே போக முடியும் என்பதை அங்கே கிடைக்கும் தீனி தீர்மானிக்கிறது; பெரிய உடம்பு, அதிகம் தின்ன வேண்டும். துருவ நரி எவ்வளவு தெற்கே வர முடியும் என்பதைச் செந்நரி தீர்மானிக்கிறது. கவசம் குளிரை விரும்பி அணிந்ததில்லை, அண்ணன் வர முடியாத இடத்தில் பிழைக்க அணிந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அங்கே பிழைப்பது லேசுமில்லை. லெம்மிங் எலி பெருகும் வருஷத்தில் ஒரே ஈற்றில் பத்துக்கும் மேல் குட்டி. எலி இல்லாத வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. தீனி தேடி நடக்கும் தூரத்தை நினைத்தாலே கால் வலிக்கும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட ஒரு இளம் பெண் நரி 2018 மார்ச்சில் கடல் பனி மேல் இறங்கி, கிரீன்லாந்தைக் கடந்து, கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 76 நாளில் 3,506 கிலோமீட்டர். ஒரு நாள் மட்டும் 155 கிலோமீட்டர்.

ஸ்காண்டிநேவியாவில் துருவ நரியை உரோமத்துக்காக வேட்டையாடியே தீர்த்தார்கள். ஸ்வீடன் 1928ல் தடை போட்டது, நார்வே 1930ல், ஃபின்லாந்து 1940ல். தடை வந்தும் எண்ணிக்கை ஏறவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் மூன்று நாட்டிலும் சேர்த்துச் சில டஜன்தான் மிச்சம். சூடு ஏற ஏற, மனிதர் போடும் மிச்சமும் சாலையில் அடிபட்டுச் சாகும் பிராணிகளும் கூடக் கூட, செந்நரி மலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. துருவ நரியின் பழைய வளைகளில் செந்நரி குடியேறியது. இப்போது துருவ நரி சில நூறாக மீண்டிருக்கிறது என்றால், கூண்டில் வளர்த்து விட்டதும் செந்நரியைச் சுட்டதும் தீனி வைத்ததும் காரணம். தீனியை மலை மேலே பெட்டிகளில் வைக்கிறார்கள். பெட்டியின் வாசல் துருவ நரி நுழையும் அளவு. செந்நரியின் தோள் அதற்குள் போகாது.